மோட்டுநுயி ஆலை: எரிவாயுவிலிருந்து பெட்ரோல் எடுத்தது வீண்செலவா?

தென்திசை:

அனைவருக்கும் வணக்கம். எண்ணெய் நெருக்கடிக் காலத்தின் பொருளாதார வரலாற்றைப் படித்துவருகிறேன். அதில் நியூசிலாந்தின் மோட்டுநுயி ஆலையைப் பற்றி மட்டும் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. ஆகவே துறை அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் அறிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்நாட்டின் வடதீவில் டாரனாக்கிக் கரைக்கு அப்பால் 1969இல் மாவுயி என்னும் பெரிய எரிவாயு வயல் கண்டறியப்பட்டு, 1979இல் உற்பத்திக்கு வந்தது. அதே 1979இல் ஈரான் புரட்சியை அடுத்து எண்ணெய் விலை இரண்டாம் முறை ஏறியது. பெட்ரோலுக்குப் பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருந்த அந்நாட்டில், ஒவ்வொரு கார் உரிமையாளரும் வாரத்தில் ஒரு நாள் தம் வண்டியை எடுக்கக் கூடாது என்றும், அது எந்த நாள் என்பதைக் காட்டும் ஒட்டுவில்லையை முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்றும் ஆணை வந்தது. இந்தச் சூழலில்தான் பிரதமர் ராபர்ட் மல்டூனின் அரசு, மாவுயி எரிவாயுவை மெத்தனால் என்னும் எளிய ஆல்ககாலாக்கி, அந்த மெத்தனாலைப் பெட்ரோலாக்கும் ஆலையை அமெரிக்க எண்ணெய் நிறுவனமான மோபிலுடன் சேர்ந்து மோட்டுநுயியில் அமைத்தது. அரசுக்கு 75 விழுக்காடும் மோபிலுக்கு 25 விழுக்காடும் பங்கு. 1985இல் முதல் பெட்ரோல் வந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 14,500 பீப்பாய் என்பது அந்நாட்டுத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு.

அடுத்த ஆண்டே உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்து, ஒரு கட்டத்தில் பீப்பாய் 10 டாலரை ஒட்டி நின்றது. 1990களின் இறுதிக்குள் பெட்ரோல் பகுதி மூடப்பட்டது. இதை வைத்துப் பலரும் அந்த ஆலையைத் தோல்வி என்றே எழுதுகிறார்கள். விலை சரிந்தது என்ற ஒரே காரணத்தால் அதைத் தோல்வி எனலாமா?

வண்டிப்பாதை:

தென்திசை அவர்களுக்கு, தோல்வி என்பதே என் கருத்து. எண்ணெய் விலை சரியாமல் இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஆற்றல் கணக்கைப் பாருங்கள். ஆலைக்குள் சென்ற எரிவாயுவின் ஆற்றலில் ஏறத்தாழ பாதிதான் பெட்ரோலாக வெளிவந்தது. அதே எரிவாயுவை அழுத்தி உருளையில் அடைத்து நேரடியாக வண்டியில் எரித்தால், அழுத்துவதற்கான சிறு மின்செலவைத் தவிர இழப்பு ஒன்றுமில்லை. இது ஏட்டளவிலான மாற்றுவழியும் அன்று. 1980களில் அதே நியூசிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது இன்று நாம் சிஎன்ஜி என்று அழைக்கும் எரிபொருளுக்கு, மாற்றப்பட்டிருந்தன. ஊர்ப்புறப் பட்டறைகளே மாற்றும் வேலையைச் செய்தன. அந்தத் திட்டத்துக்கான அரசு உதவி 1980களின் இடையில் குறைக்கப்பட்டதும் அது படிப்படியாக அழிந்தது. நூறு கோடிக் கணக்கில் பணம் விழுங்கிய பேராலைக்கு அரசின் உறுதிமொழி இருந்தது. வண்டிக்காரர்களின் சிறு முதலீட்டுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. எனக்கு இந்தக் கதையில் வருத்தம் தருவது இந்த வேறுபாடுதான்.

கொதிகலன்:

நண்பர்களே, நான் உர ஆலையில் எரிவாயுச் சீர்திருத்த உலைப் பிரிவில் பணியாற்றியவன். தோல்வி என்ற சொல்லை எதன்மீது வைக்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எண்ணுகிறேன். அதற்கு ஆலைக்குள் என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

முதல் பகுதி எந்த மெத்தனால் ஆலையிலும் உள்ளதுதான். எரிவாயுவில் உள்ள கந்தகம் நிக்கல் வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பதால், அதை முதலில் நீக்குவார்கள். பிறகு எரிவாயுவுடன் நீராவியைக் கலந்து, நிக்கல் வினையூக்கி நிரப்பிய குழாய்களின் வழியே செலுத்துவார்கள். குழாய்களுக்கு வெளியே எரிவாயுவின் ஒரு பகுதியையே எரித்து, உள்ளே 850 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வரச் செய்வார்கள். இதுவே சீர்திருத்த உலை. இதிலிருந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த தொகுப்பு வாயு கிடைக்கும். அதை அழுத்தி, தாமிரமும் துத்தநாக ஆக்சைடும் கொண்ட வினையூக்கியின் மேல் செலுத்தினால் மெத்தனால் வரும். மோட்டுநுயியில் நாளொன்றுக்கு 2,200 டன் ஆக்கும் மெத்தனால் பிரிவுகள் இரண்டு இருந்தன. மாவுயி எரிவாயுவில் கார்பன் டை ஆக்சைடு கணிசமாகக் கலந்திருந்தது இங்கே நன்மையாகவே அமைந்தது. மீத்தேனிலிருந்து வரும் தொகுப்பு வாயுவில் ஹைட்ரஜன் மிகுந்திருக்கும். அந்த மிகையைக் கார்பன் டை ஆக்சைடு ஏற்றுக்கொண்டு அதுவும் மெத்தனாலாகும்.

புதுமை இரண்டாம் பகுதியில்தான் இருந்தது. மோபில் ஆய்வகத்தில் உருவான இசட்எஸ்எம்-5 என்னும் ஜியோலைட்டின், அதாவது நுண்துளைகள் நிறைந்த ஒரு திண்ம வினையூக்கியின், மேல் மெத்தனாலைச் செலுத்தினால் பெட்ரோலில் உள்ள அதே ஹைட்ரோகார்பன்கள் வருகின்றன என்பதை 1970களில் அங்கே கண்டறிந்தார்கள். கிளாரன்ஸ் சாங், ஆன்டனி சில்வெஸ்ட்ரி ஆகிய இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆவணம். அந்த ஜியோலைட்டின் துளைகள் ஒரு நானோமீட்டரில் ஏறக்குறைய பாதி அகலம் கொண்டவை. உள்ளே சங்கிலி எவ்வளவு வளர முயன்றாலும், பத்துப் பதினொரு கார்பன் அணுக்களைக் கொண்ட மூலக்கூறைவிடப் பெரியது அந்தத் துளை வழியே வெளியேற முடியாது. பெட்ரோலின் மேல் எல்லையும் ஏறத்தாழ அதுவே. ஃபிஷரும் டிராப்ஷும் 1920களில் ஜெர்மனியில் கண்ட பழைய வழியில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதில் மீத்தேன் முதல் மெழுகு வரை எல்லாம் கலந்து வரும். நேர்ச்சங்கிலிகள் மிகுதி என்பதால் டீசலுக்கு அது சிறப்பு, பெட்ரோலுக்கு ஆக்டேன், அதாவது எஞ்சினில் தட்டல் இல்லாமல் எரியும் தன்மை, போதாது. ஜியோலைட் வழியில் வரும் பெட்ரோலோ கிளைச்சங்கிலிகளும் அரோமாட்டிக் எனப்படும் வளையச் சேர்மங்களும் நிறைந்து, ஆக்டேன் எண் 90க்கு மேல் நிற்கும். கந்தகம் இராது.

இதில் மூன்று சிக்கல்கள் இருந்தன. முதலாவது வெப்பம். மெத்தனால் முழுவதும் ஒரே மூச்சில் வினைபுரிந்தால் வாயுவின் வெப்பநிலை ஏறத்தாழ 600 டிகிரி உயரும், வினையூக்கி அழிந்துவிடும். எனவே முதல் கலனில் அலுமினா வினையூக்கியின் மேல் மெத்தனாலின் பெரும்பகுதியை டைமெத்தில் ஈதராக்கி வெப்பத்தின் ஒரு பங்கை அங்கேயே வெளியேற்றினார்கள். அடுத்த கலன்களில், வினைபுரியாத இலேசான வாயுவைப் பெருமளவில் சுழற்றி அனுப்பி மீதி வெப்பத்தை அது சுமக்கும்படி செய்தார்கள். இரண்டாவது கரிப்படிவு. ஜியோலைட்டின் மேல் கரி படியப் படிய அதன் ஆற்றல் குறையும் என்பதால், ஐந்து கலன்களில் நான்கு இயங்க, ஒன்றில் கரியை எரித்துப் புதுப்பிப்பார்கள். மூன்றாவது டியூரீன். நான்கு மெத்தில் தொகுதிகள் கொண்ட இந்த அரோமாட்டிக் சேர்மம் துளையில் நுழைந்து வெளியேறும் அளவுக்குச் சிறியது, ஆனால் 79 டிகிரி வரை திண்மமாகவே இருப்பது. பெட்ரோலில் மிகுந்தால் குளிர்காலையில் கார்ப்யுரேட்டரில் படிகமாகப் படிந்து வண்டியை நிறுத்திவிடும். அதனால் கனமான பெட்ரோல் பகுதியை மட்டும் தனியே ஒரு பிரிவுக்கு அனுப்பி, டியூரீனை வேறு சேர்மங்களாக மாற்றிய பிறகே கலந்தார்கள்.

இந்த மூன்றுக்கும் தீர்வு கண்டு, சிறு சோதனை ஆலையின் அளவிலிருந்து நேரே இத்தனை பெரிய அளவுக்குத் தாவி, தொடங்கிய சில வாரங்களிலேயே தரமான பெட்ரோலை எடுத்தார்கள். வினையியல் பொறியியலில் இதற்கு இணையாகச் சொல்லக் கூடியவை மிகக் குறைவு. அந்த வேலையைச் செய்தவர்களின்மீது தோல்வி என்ற சொல்லை எறிவது நியாயம் ஆகாது.

தென்திசை:

கொதிகலன் ஐயா, மிக்க நன்றி. இத்தனை நேர்த்தியான வேதியியல் என்றால், வண்டிப்பாதை சொல்லும் பாதி ஆற்றல் எங்கே போகிறது? அதைப் பொறியாளர்கள் மீட்க முடியாதா?

கொதிகலன்:

பெரும்பாலும் முடியாது. மீத்தேனில் ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன். பெட்ரோலில் ஒரு கார்பனுக்கு ஏறத்தாழ இரண்டு. மிஞ்சும் ஹைட்ரஜன் நீராகத்தான் வெளியேற வேண்டும். மெத்தனால் பெட்ரோலாகும்போது எடையில் 44 விழுக்காடு ஹைட்ரோகார்பனாகவும் 56 விழுக்காடு நீராகவும் மாறுகிறது. நாளொன்றுக்கு 4,400 டன் மெத்தனால் உள்ளே சென்றால், ஏறத்தாழ 2,500 டன் நீர் வெளியே வரும். இது வேதிவினையே விதிக்கும் கணக்கு. இதற்கு மேல் சீர்திருத்த உலையைச் சூடாக்க எரியும் வாயு இருக்கிறது, அழுத்திகளை ஓட்டும் நீராவி இருக்கிறது. வினைவெப்பத்தை நீராவியாக மீட்டாலும் அது உயர்தர ஆற்றல் அன்று.

ஆயினும் சிஎன்ஜி குறித்து ஒன்று சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் எரிவாயுக் குழாய்கள் வடதீவில் மட்டுமே உண்டு. தென்தீவுக்கு ஒரு குழாயும் இல்லை. பெட்ரோலை எந்தத் துறைமுகத்துக்கும் கப்பலில் அனுப்பலாம். ஏற்கெனவே உள்ள தொட்டிகளிலும் நிலையங்களிலும் எந்த மாற்றமும் வேண்டியதில்லை. மோட்டுநுயிப் பெட்ரோல் மார்ஸ்டன் பாயின்ட் சுத்திகரிப்பு ஆலைக்குச் சென்று கலக்கப்பட்டு, நாடெங்கும் எல்லோருடைய வண்டியிலும் ஓடியது. இழந்த பாதி ஆற்றல் இந்த வசதிக்குக் கொடுத்த விலை. அந்த விலை மிகுதியா என்பது, அந்த எரிவாயுவுக்கு வேறு யார் என்ன கொடுத்திருப்பார்கள் என்பதைப் பொறுத்தது.

அந்தக் கேள்விக்கான விடை அப்போது மிக எளியது. வேறு ஆள் இல்லை. 1970களின் தொடக்கத்தில், மின்நிலையங்களுக்காக என்று எண்ணி, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் செலுத்துவதாக மாவுயி எரிவாயுவுக்கு அரசு ஒப்பந்தம் போட்டது. மின் தேவை எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை. பணம் கட்ட வேண்டிய எரிவாயு கையில் இருந்தது, வாங்குவாரும் இல்லை, வெளிநாட்டுக்கு அனுப்பும் குழாயும் இல்லை. அந்த நிலையில் பாதி ஆற்றலையாவது பெட்ரோலாக எடுப்பது மூடத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நெய்தல்:

இந்த ஆலையின் விலையைக் கணக்கிடும்போது அதன் கரையோர மக்களை விட்டுவிட்டுப் பேசக் கூடாது என்பதால் குறுக்கிடுகிறேன்.

கொதிகலன் அவர்கள் சொன்ன அந்த 2,500 டன் நீரும் பிற கழிவுநீரும் கடலில் போய்ச் சேர வேண்டும் என்பதே திட்டமாக இருந்தது. மோட்டுநுயி, வைத்தாரா கரையோரத்துப் பாறைத்திட்டுகள், தே ஆத்தியாவா என்னும் மாவோரிக் குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சிப்பியும் கடல் முள்ளெலியும் எடுத்து உண்டுவந்த இடங்கள். வைத்தாரா ஊரின் சாக்கடையும் இறைச்சி ஆலைக் கழிவும் ஏற்கெனவே அவற்றில் பலவற்றைக் கெடுத்திருந்தன. எஞ்சியவற்றுக்கு நடுவே புதிய ஆலையின் கழிவுக்குழாய் வரும் என்று அறிந்ததும், அய்லா டெய்லர் தம் மக்களின் சார்பில், மாவோரியரின் முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கித் தீர்ப்பாயத்தில் முறையிட்டார். தேசியத் திட்டங்களுக்கு அனுமதியை விரைவுபடுத்த 1979இல் கொண்டுவரப்பட்ட சட்டம், இத்தகைய மறுப்புகளுக்கு மிகக் குறுகிய இடமே விட்டிருந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

1983 மார்ச்சில் வந்த தீர்ப்பாய அறிக்கை, மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் 1840இல் செய்த வைத்தாங்கி ஒப்பந்தம் மாவோரியரின் மீன்பிடி இடங்களைக் காக்கும் கடமையை அரசின்மீது சுமத்துகிறது என்றும், மோட்டுநுயிக் கழிவுக்குழாய்த் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. முதலில் ஏற்க மறுத்த அரசு, பொதுமக்களின் எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியது. அதுவரை பெரிதாக மதிக்கப்படாதிருந்த அந்தத் தீர்ப்பாயத்தின் சொல்லுக்கு நாடெங்கும் எடை கூடியது இந்த வழக்குக்குப் பிறகுதான். பேராலையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் வினையூக்கியைப் பற்றி ஓர் இயலும் விலைச்சரிவைப் பற்றி ஓர் இயலும் எழுதிவிட்டு இதை ஓர் அடிக்குறிப்பில் முடிக்கிறார்கள். அது எனக்கு ஏற்புடையதன்று.

வண்டிப்பாதை:

நெய்தல் அவர்கள் எழுதியது மிகவும் தேவையானது. தென்தீவைப் பற்றிக் கொதிகலன் ஐயா சொன்னதையும் ஏற்கிறேன். சிஎன்ஜி மட்டும் முழு நாட்டுக்கும் விடையாகியிருக்காது.

ஆனால் இடரை யார் சுமந்தார்கள் என்ற கேள்வியை விட மாட்டேன். எரிவாயுவை அரசு கொடுக்கும், பெட்ரோலையும் அரசே எடுத்துக்கொள்ளும், ஆலை நிறுவனத்துக்கு மாற்றித் தருவதற்கான கூலி கிடைக்கும் என்பதே ஏற்பாட்டின் சாரம். நெல்லைக் கொண்டுபோய்க் கொடுத்து அரிசியாக வாங்கிக்கொண்டு அரவைக்கூலி தருவது போன்றது இது. அரிசி விலை விழுந்தால் அரவை ஆலைக்கு ஒன்றுமில்லை. நெல் கொண்டுவந்தவருக்குத்தான் நட்டம். 1986இல் விழுந்த விலையின் முழு அடியும் வரி செலுத்துவோர்மீது விழுந்தது. 1984இல் பதவிக்கு வந்த தொழிற்கட்சி அரசு இந்தக் கடன்சுமையோடு பல ஆண்டுகள் போராடிவிட்டு, 1990இல் தன் பங்கை ஃபிளெட்சர் சேலஞ்ச் நிறுவனத்துக்கு விற்றது.

எரிவாயுவுக்கு வேறு ஆள் இல்லை என்ற வாதத்தையும் நிரந்தரமானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிரவுன்ஸ்வில் ஊரில், ஃபிஷர்-டிராப்ஷ் வழியில் எரிவாயுவைப் பெட்ரோலாக்கும் ஆலை ஒன்று 1950களில் இயங்கியது. வாங்குவாரற்ற மலிவான எரிவாயு என்பதே அதன் அடித்தளம். நெடுந்தொலைவுக் குழாய்கள் வந்து அதே எரிவாயுவுக்கு வடமாநில நகரங்கள் நல்ல விலை கொடுக்கத் தொடங்கியதும், அந்த ஆலை அதே பத்தாண்டிலேயே முடிந்தது. ஆலையைக் கட்டும் நாளில் எரிவாயுவுக்கு ஆள் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆலை கடனை அடைத்து முடிக்கும் நாள்வரை அந்நிலை நீடிக்கும் என்று யார் உறுதி கொடுப்பது?

கொதிகலன்:

பிரவுன்ஸ்வில்லை நினைவூட்டியது நன்று. அதே காரணத்தால்தான் மோட்டுநுயியின் பிற்காலத்தையும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அந்த ஆலையில் மூடப்பட்டது பெட்ரோல் பகுதி மட்டுமே. மெத்தனால் பகுதி பிழைத்தது. பெட்ரோலாக்குவதற்கு மெத்தனாலைத் தூய்மைப்படுத்தத் தேவையில்லை. நீர் கலந்த மெத்தனாலையே ஜியோலைட்டுக்கு அனுப்பலாம் என்பதால், காய்ச்சி வடித்து நீரைப் பிரிக்கும் வடிகோபுரங்கள் முதலில் பெரிதாகத் தேவைப்படவில்லை. பெட்ரோலைவிட மெத்தனாலுக்கு நல்ல விலை கிடைத்த ஆண்டுகளில் வடிகோபுரங்களைச் சேர்த்து, வேதித்தொழிலுக்கு ஏற்ற தூய மெத்தனாலை ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் ஆலை கனடாவின் மெத்தனால் நிறுவனமான மெத்தனெக்ஸின் கைக்கு வந்தது. அதாவது அரசு கட்டியது உண்மையில் ஒரு பெரிய மெத்தனால் ஆலை. அதன் முடிவில் பெட்ரோல் பகுதி இணைக்கப்பட்டிருந்தது. நடுவில் விற்கத்தக்க ஒரு பொருள் இருந்ததால் கடைசிப் பகுதி வீணானபோது எல்லாம் வீணாகவில்லை. ஃபிஷர்-டிராப்ஷ் ஆலையில் இப்படி இடையில் இறங்க இடமில்லை. மெத்தனால் வழியின் இந்தப் பண்பை அன்றைய திட்டக்காரர்கள் எந்த அளவுக்குக் கருதினார்களோ, அது பயன்பட்டது என்பது மட்டும் உறுதி.

பிறகு எரிவாயு விலை தன் வேலையைக் காட்டியது. மாவுயி வயலில் எஞ்சியிருப்பது முன்பு எண்ணியதைவிடக் குறைவு என்று 2003இல் கணக்கு திருத்தப்பட, மோட்டுநுயி 2004இல் மூடப்பட்டு, வேறு வயல்களின் எரிவாயு கிடைத்த பின் 2008இல் மீண்டும் திறந்தது. 2024 குளிர்காலத்தில் நீர்த்தேக்கங்கள் வறண்டு மின்தட்டுப்பாடு வந்தபோது, மெத்தனெக்ஸ் தன் உற்பத்தியைச் சில வாரங்கள் நிறுத்தி, கைவசம் இருந்த எரிவாயுவை மின்நிறுவனங்களுக்கு விற்றது. எந்த மின்நிலையங்கள் வேண்டாம் என்றதால் இந்த ஆலை பிறந்ததோ, அவையே நல்ல விலை கொடுத்து அதன் உணவை வாங்கிச் சென்றன. வண்டிப்பாதை கேட்ட கேள்விக்கு நியூசிலாந்து கொடுத்த விடை இது.

தென்திசை:

அப்படியானால் இன்றைக்கு இந்த வழி எங்கேனும் பொருந்துமா?

கொதிகலன்:

துருக்மெனிஸ்தானைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து கப்பலில் எரிவாயு அனுப்ப முடியாத நாடு. 2016இல் ரஷ்யா அதன் எரிவாயுவை வாங்குவதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஈரானுடனும் கணக்குத் தகராறு வந்து வழங்கல் நின்றது. சீனக் குழாய் ஒன்றே பெரிய வழியாக எஞ்சியது. அஷ்காபாத் அருகே ஓவாதான்தெப்பேயில் 2019 ஜூனில் திறந்த ஆலை, டென்மார்க்கின் தொப்சோ நிறுவனத் தொழில்நுட்பத்தில், ஆண்டுக்கு 178.5 கோடி கனமீட்டர் எரிவாயுவிலிருந்து 6 லட்சம் டன் பெட்ரோல் எடுக்கும் அளவில் கட்டப்பட்டது. செலவு 170 கோடி டாலர். அந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 2.2 கனமீட்டர் எரிவாயு. ஒரு கனமீட்டரில் ஏறக்குறைய 36 மெகாஜூலும் ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூலும் உள்ளன என்று கொண்டால், எரிவாயுவின் ஆற்றலில் நாற்பது விழுக்காட்டளவே பெட்ரோலாகிறது. ஆலையின் சொந்த மின்சாரமும் அதே எரிவாயுவிலிருந்து வருவதாகக் கொண்டால் இது வியப்பன்று.

வண்டிப்பாதை:

நாற்பது விழுக்காடு என்ற அந்தக் கணக்கை வைத்துக்கொண்டே கேட்கிறேன். அந்த எரிவாயுவின் உண்மை விலை பூச்சியம் என்று கருதினால் மட்டுமே அந்த ஆலை சரியாகும். ஈரான் வழியாகவோ ஆப்கானிஸ்தான் வழியாகவோ இன்னொரு குழாய் எப்போதாவது திறந்தால் அங்கும் பிரவுன்ஸ்வில்தான்.

கொதிகலன்:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆலையின் நடுவிலும் மெத்தனால் பிரிவு இருக்கிறது. அன்று அவர்கள் செய்ய வேண்டியது, வடிகோபுரம் ஒன்றைச் சேர்த்து மெத்தனாலை விற்க முடியுமா என்று பார்ப்பது. திறந்த பெருங்கடலுக்கு வழியில்லாத நாட்டில் மெத்தனாலையும் பெரும்பாலும் தொடர்வண்டியில்தான் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பதால், மோட்டுநுயிக்குத் துறைமுகம் கொடுத்த வசதி அவர்களுக்குக் கிடைக்காது.

நெய்தல்:

அந்த ஆலையின் கழிவுநீர் எங்கே போகிறது என்பது பற்றி அறிந்தவர் எவரேனும் இங்கே இருந்தால், தயவுசெய்து தனி இழையாக எழுதுங்கள். பாலைவன நாட்டில் நீர் சீர்திருத்த உலைக்கும் வேண்டும், குளிர்விப்புக்கும் வேண்டும். வினையிலிருந்து வரும் நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவது அங்கே சட்டத்தால் கட்டாயமா, வசதியால் நடப்பதா என்பதை அறிய விரும்புகிறேன்.